மண்டிச் சீட்டும் செட்டில்மென்ட் ஷீட்டும்

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மதுரவாயலைத் தாண்டினால் வானகரம். கிழக்கே சில கிலோமீட்டர் தொலைவில் கோயம்பேடு மார்க்கெட், வடக்கே அம்பத்தூருக்குப் போகும் சாலை, பக்கத்திலேயே சென்னை பைபாஸ். சரக்கு வண்டி நகரத்துக்குள் நுழையாமலே எந்தத் திசைக்கும் போய்விடலாம். 1964-இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை தொடங்கிய காலத்திலிருந்து இந்த மேற்குப் புறநகர் லேத் பட்டறைகளும் சிறு உற்பத்தியாளர்களும் நிறைந்த பகுதி. இப்போது அவர்களோடு இன்னொரு வகை வியாபாரியும் சேர்ந்திருக்கிறார். அவருக்குக் கடைப்பலகை கிடையாது. ஷட்டர் போட்ட ஓர் அறை, இரும்பு ரேக்குகள், லேபிள் அச்சடிக்கும் சின்ன மெஷின், கட்டுக்கட்டாகப் பாக்கிங் கவர். குர்த்தி, எவர்சில்வர் டப்பா, கார் சீட் கவர் என்று ஏதோ ஒரு சரக்கு. சாயங்காலம் கூரியர் வண்டி வந்து மூட்டையை எடுத்துப் போகிறது. வாங்கியவர் கொச்சியில் இருக்கலாம், குவாஹாத்தியிலும் இருக்கலாம்.

“போன மாசம் எவ்வளவு வித்தீங்க?” என்று இப்படி ஒருவரிடம் கேட்டால் பெரும்பாலும் கை போனுக்குத்தான் போகும். பேங்க் ஸ்டேட்மென்ட்டைத் திறந்து, அமேசானிலிருந்தும் ஃபிளிப்கார்ட்டிலிருந்தும் மீஷோவிலிருந்தும் வந்து விழுந்த தொகைகளைக் கூட்டிச் சொல்வார். அந்தக் கூட்டுத்தொகை அவருக்கு வந்த பணம். அவர் விற்ற தொகை அது இல்லை. ஆன்லைன் விற்பனையைக் கணக்கு மென்பொருளில் ஏற்றுவதைக் கணினி தெரிந்த பையன் செய்யும் வேலை என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். நான் அதைக் கணக்கெழுதும் முறை பற்றிய கேள்வியாகவே பார்க்கிறேன்: எதை விற்பனை என்று எழுதுவது? இதற்கு விடை தெரியாமல் எந்த மென்பொருளை வாங்கிப் போட்டாலும் பழைய தவறே இன்னும் வேகமாக நடக்கும்.

இந்தக் கேள்வி நமக்குப் புதிதல்ல. கோயம்பேடு மண்டிக்குக் காய்கறி அனுப்பும் விவசாயியின் கையில் கடைசியில் ஒரு சீட்டு வந்து சேரும். எத்தனை மூட்டை, என்ன விலை, மொத்தம் எவ்வளவு என்று மேலே இருக்கும். அதன் கீழே கமிஷன், இறக்கு கூலி, லாரி வாடகை கழியும். கழிந்தது போக மிச்சம் அடியில். அந்த மிச்சத்தை எந்த விவசாயியும் விற்ற விலை என்று சொல்வதில்லை. ‘வித்தது இவ்வளவு, கைக்கு வந்தது இவ்வளவு’ என்று இரண்டாகப் பிரித்துத்தான் பேசுவார். வணிகவியல் பாடத்தில் இதற்கு அனுப்பீட்டுக் கணக்கு என்று பெயர். பர்மாவிலும் மலாயாவிலும் கடை வைத்திருந்த நாட்டுக்கோட்டை நகரத்தார், மூன்றாண்டுத் தவணைக்கு ஏஜென்ட்டை அனுப்பி, அங்கிருந்து ஊருக்கு வரும் கணக்கைப் பேரேட்டோடு ஒத்துப் பார்த்து ஐந்தொகை போட்டவர்கள். கடலுக்கு அப்பால் இன்னொருவர் கையில் இருக்கும் பணத்துக்கு ஊரில் உட்கார்ந்து கணக்கு எழுதத் தெரிந்த மரபு அது.

மண்டிக்காரருக்கும் ஆன்லைன் தளத்துக்கும் சட்டத்தில் ஒரு வேறுபாடு உண்டு. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 213-ஆவது பிரிவு, முதலாளி கேட்டால் ஏஜென்ட் முறையான கணக்கு கொடுக்கக் கடமைப்பட்டவர் என்கிறது. ஆன்லைன் தளங்களுக்கு வரிப்பிடித்தக் கடமையை விதிக்கும் மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 52-ஆவது பிரிவோ, ‘ஏஜென்ட் அல்லாத’ மின்வணிக நிறுவனங்களைப் பற்றித்தான் பேசுகிறது. தளம் தன்னை வாங்குபவரையும் விற்பவரையும் சேர்த்துவைக்கும் சந்தை என்றே சொல்லிக்கொள்கிறது. விற்பனையாளருக்கு என்ன கணக்கு, எந்த வடிவில் தருவது என்பது தளத்தின் ஒப்பந்தத்தைப் பொறுத்ததாகிவிடுகிறது. மண்டிச் சீட்டை யாரும் படிக்கலாம். தளம் தரும் செட்டில்மென்ட் ஷீட்டைப் படிக்க ஒருவர் தனியாகப் பழக வேண்டியிருக்கிறது.

ஒரு குர்த்தியின் கணக்கு

எண்களை வைத்துப் பார்த்தால்தான் இது விளங்கும். எளிமைக்காக நானே வைத்துக்கொண்ட எண்கள் இவை. ஒரு குர்த்தி, ஜிஎஸ்டி சேர்த்து 840 ரூபாய்க்கு விற்கிறது. 5 சதவீத வரி என்பதால் சரக்கின் மதிப்பு 800, வரி 40. தளம் எடுக்கும் கமிஷனும் ஷிப்பிங்கும் சேர்த்து 170 என்போம். அந்தச் சேவைக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, 30 ரூபாய் 60 காசு. அடுத்து இரண்டு பிடித்தங்கள். ஜிஎஸ்டி சட்டப்படி தளம் பிடிக்கும் டிசிஎஸ், 800-க்கு 0.5 சதவீதம், 4 ரூபாய். வருமான வரிச் சட்டப்படி பிடிக்கும் டிடிஎஸ், 0.1 சதவீதம், 80 காசு. எல்லாம் போக வங்கியில் விழுவது 634 ரூபாய் 60 காசு.

இந்த 634.60-ஐ அப்படியே விற்பனை என்று டேலி என்ற கணக்கு மென்பொருளில் ஏற்றினால் என்ன நடக்கும்? மென்பொருள் அதை வரி உள்ளடக்கிய விலையாக எடுத்துக்கொண்டு, விற்பனை 604.38, வரி 30.22 என்று பிரிக்கும். அரசுக்குக் கட்ட வேண்டிய 40 ரூபாயில் 9.78 குறையும். மறுபக்கம், தளத்துக்குக் கொடுத்த கட்டணத்தின் மீதான வரி 30.60 உள்ளீட்டு வரியாகத் திரும்பக் கிடைக்க வேண்டியது; கட்டணமே கணக்கில் ஏறாததால் அதைக் கேட்கவும் மாட்டார். டிசிஎஸ் 4 ரூபாயும் டிடிஎஸ் 80 காசும் அப்படியே மறைந்துபோகும். குறைவாகக் கட்டியதற்கு நோட்டீஸ் வரும் நிலையிலேயே, தன் சொந்தப் பணத்தையும் அவர் விட்டுவிடுகிறார். ஒரே பிழை வியாபாரியை இரண்டு பக்கமும் வெட்டுகிறது.

மாதம் ஆயிரம் குர்த்தி என்று வைத்துப் பாருங்கள். ஜிஎஸ்டி தளத்தில் அவர் பெயரில் எட்டு லட்சம் ரூபாய் விற்பனை தெரியும். அவர் காட்டியிருப்பது ஆறு லட்சத்து நாலாயிரத்துச் சொச்சம். வரியில் சுமார் 9,780 ரூபாய் குறைவு. கேட்காமல் விட்ட உள்ளீட்டு வரி 30,600, டிசிஎஸ் 4,000, டிடிஎஸ் 800. ஆக, கட்டத் தவறியதைப்போல மூன்று மடங்குக்கு மேல் அவருக்கு வர வேண்டியது நிற்கிறது. சிறு வியாபாரிகள் எல்லோரும் வரியை மறைக்கிறார்கள் என்று பேசுவோர் இந்த இரண்டாவது எண்ணையும் பார்க்க வேண்டும். இங்கே குற்றம் எண்ணத்தில் இல்லை, பதிவில் இருக்கிறது.

சரியான பதிவு கடினமானதும் அல்ல. தளம் ஒவ்வொன்றையும் ஒரு கடனாளியாக, சண்ட்ரி டெட்டர்ஸ் குழுவின் கீழ் தனி லெட்ஜராக வைக்க வேண்டும். விற்றதும் அந்த லெட்ஜரில் 840 பற்று. எதிரே விற்பனை 800, வரி 40 வரவு. தளத்தின் கட்டண பில் வந்ததும் கமிஷன் செலவு 170, உள்ளீட்டு வரி 30.60 பற்று; தளத்துக்கு 200.60 வரவு. டிசிஎஸ், டிடிஎஸ் இரண்டும் நமக்கு வர வேண்டிய பணம் என்பதால் தனித்தனி லெட்ஜரில் பற்று; தளத்துக்கு 4.80 வரவு. வங்கிக்கு வந்த 634.60-உம் தளத்துக்கு வரவு. கூட்டிப் பார்த்தால் தளத்தின் லெட்ஜர் பூஜ்யம். பூஜ்யமாகாமல் மீதி நின்றால், அது இன்னும் செட்டில் ஆகாத ஆர்டர்களின் தொகையாக மட்டுமே இருக்க வேண்டும். வேறு எதுவாக இருந்தாலும் எங்கோ பிழை இருக்கிறது, அல்லது தளம் எதையோ கூடுதலாகப் பிடித்திருக்கிறது. இந்த ஒரு லெட்ஜரை மாதாமாதம் சரிபார்க்கிறவருக்கு மற்ற எல்லாம் பின்னாலேயே வந்துவிடும் என்பது என் உறுதியான கருத்து.

அரசுக்கு முன்பே தெரிந்த எண்

2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தது. தளங்கள் டிசிஎஸ் பிடிக்கத் தொடங்கியது 2018 அக்டோபர் 1 முதல், அப்போது 1 சதவீதம். 2024 ஜூலை 10 முதல் அது 0.5 ஆனது. வருமான வரிப் பிடித்தம் 2020 அக்டோபர் 1-இல் 0.75 சதவீதத்தில் தொடங்கி, பிறகு 1 ஆகி, 2024 அக்டோபர் 1 முதல் 0.1 ஆகியிருக்கிறது. விகிதங்கள் குறைந்ததும் இதில் என்ன இருக்கிறது என்ற அலட்சியம் வந்துவிட்டது. பிடிக்கும் காசு சிறியதுதான். ஆனால் அந்தக் காசோடு சேர்ந்து போகும் தகவல் முழுமையானது. ஒவ்வொரு மாதமும் தளம் அடுத்த மாதம் 10-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-8 என்ற படிவத்தில், எந்த ஜிஎஸ்டி எண்ணுள்ளவர் எவ்வளவு விற்றார், எவ்வளவு திரும்பி வந்தது என்று தெரிவித்துவிடுகிறது. விற்பனையாளர் தன் விற்பனை விவரப் படிவமான ஜிஎஸ்டிஆர்-1-ஐக் கொடுக்க 11-ஆம் தேதி வரை நேரம். அவர் சொல்வதற்கு ஒரு நாள் முன்பே அரசுக்குத் தெரிந்துவிடுகிறது.

2024 ஜனவரி மாதக் கணக்கிலிருந்து ஜிஎஸ்டிஆர்-1-இல் 14-ஆவது அட்டவணை சேர்ந்திருக்கிறது. எந்தத் தளத்தின் வழியாக எவ்வளவு விற்றீர்கள் என்று விற்பனையாளரே தளவாரியாகச் சொல்ல வேண்டும். இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது கணினிக்கு ஒரு நொடி வேலை. ஒத்துப்போகாவிட்டால் ஏஎஸ்எம்டி-10 என்ற நோட்டீஸ் வரலாம். முப்பது நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். வருமான வரிப் பக்கத்திலும் இதே கதைதான். ஆண்டுத் தகவல் அறிக்கையில் தெரிவது மொத்த விற்பனை. வங்கியில் விழுந்த தொகையின் மேல் 6 சதவீத உத்தேச லாபம் காட்டிக் கணக்கு கொடுத்தவர், தன் விற்பனையையே குறைத்துச் சொன்னவராகிறார்.

டிசிஎஸ் பணம் தானாக வந்து சேர்வதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஜிஎஸ்டி தளத்தில் டிடிஎஸ், டிசிஎஸ் வரவு என்ற தனிப் பக்கத்துக்குப் போய், தளம் காட்டிய தொகையை ஏற்றுக்கொண்டு ஃபைல் செய்தால்தான் அது நம் மின்னணு ரொக்கப் பேரேட்டில் ஏறும். அதன் பிறகு வரி கட்ட அதைப் பயன்படுத்தலாம். மாதக்கணக்கில் யாரும் தொடாமல் கிடக்கும் தொகை பலர் கணக்கில் உண்டு.

வெளிநாட்டு நடைமுறையைப் பார்த்து இங்கே முடிவெடுக்கக் கூடாது. அமெரிக்காவில் 2018-இல் உச்ச நீதிமன்றம் சவுத் டகோட்டா – வேஃபேர் வழக்கில் தீர்ப்பளித்த பிறகு, விற்பனை வரியைத் தளமே வசூலித்துத் தளமே கட்டும் முறை மாநிலம் மாநிலமாகப் பரவியது. அங்கே ஒரு செட்டில்மென்ட்டை ஒரே ஜர்னல் பதிவாக எழுதிவிடும் மென்பொருள் போதும். இந்தியாவில் சரக்கு விற்பனைக்கு வரி கட்டும் பொறுப்பு விற்பனையாளர் தலையிலேயே இருக்கிறது. தளம் பிடிப்பது அதில் ஒரு துளி. எந்த மாநிலத்துக்கு, எந்த விகிதத்தில், எந்த எச்எஸ்என் குறியீட்டில் விற்றோம் என்பதை நாமே சொல்ல வேண்டும். அமெரிக்க யூடியூப் காணொளியைப் பார்த்துக் கணக்கு அமைத்த இளைஞர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

ஏற்றும்போது நடப்பது

இனி வேலை நடக்கும் இடத்துக்கு வருவோம். அமேசானில் மாதாந்தர வரி அறிக்கையை எம்டிஆர் என்பார்கள். தொழில் நிறுவனங்களுக்கு விற்றது ஒரு ஃபைல், பொது மக்களுக்கு விற்றது ஒரு ஃபைல். செட்டில்மென்ட் ரிப்போர்ட் அதிலிருந்து வேறு. ஃபிளிப்கார்ட்டுக்கும் மீஷோவுக்கும் அவரவர் வடிவம், அவரவர் தலைப்புகள். சொந்த வெப்சைட் வைத்து ரேசர்பே போன்ற பேமென்ட் கேட்வே வழியாகப் பணம் வாங்கினால் அதற்கு இன்னொரு ஷீட். இவற்றில் வரி அறிக்கையிலிருந்துதான் விற்பனையை எடுக்க வேண்டும். செட்டில்மென்ட் ஷீட்டிலிருந்து கட்டணங்களையும் பிடித்தங்களையும் எடுக்க வேண்டும். இரண்டுக்கும் பாலம் ஆர்டர் எண்.

அந்த ஆர்டர் எண்ணையே எக்செல் கெடுத்துவிடும். எண்ணாக எடுத்துக்கொண்டால் எக்செல் பதினைந்து இலக்கம் வரைதான் நினைவில் வைக்கும். பதினாறாவது இலக்கத்திலிருந்து பூஜ்யமாக்கிவிடும். சிஎஸ்வி ஃபைலை இரட்டைக் கிளிக்கில் திறந்து, பார்த்துவிட்டு, சேமித்தால் போதும்: நீளமான ஆர்டர் எண்கள் எல்லாம் ஒன்றுபோல முடியும், பாலம் அறுந்துவிடும். தேதியும் அப்படித்தான். கணினி அமெரிக்க முறையில் அமைந்திருந்தால் 05-06 என்பது ஜூன் 5 ஆகாமல் மே 6 ஆகும். 13-06 தேதியாகவே ஏற்கப்படாமல் வெறும் எழுத்தாக நிற்கும். மாதத்தின் முதல் பன்னிரண்டு நாள் விற்பனை வேறு மாதங்களுக்குச் சிதறி ஓடிவிடும். ஃபைலை நேரடியாகத் திறக்காமல், எக்செலின் டேட்டா மெனு வழியாக எடுத்து, ஆர்டர் எண்ணை எழுத்து என்றும் தேதியை நாள்-மாதம்-ஆண்டு என்றும் அறிவித்தபின் உள்ளே கொண்டுவர வேண்டும். இரண்டு நிமிட வேலை. இதைச் சொல்லிக்கொடுப்பார் இல்லாமல் முழு ஆண்டுக் கணக்கும் குழம்பிக் கிடக்கும் இடங்கள் உண்டு.

அடுத்தது மாநிலம். சரக்கு போய்ச் சேரும் இடம் எந்த மாநிலமோ அதை வைத்துத்தான் வரி: தமிழ்நாட்டுக்குள் என்றால் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று பாதி பாதி, வெளியே என்றால் ஐஜிஎஸ்டி. தமிழ்நாட்டின் குறியீடு 33, புதுச்சேரியின் குறியீடு 34. வானகரத்திலிருந்து கிளம்பிய பார்சல் கடலூருக்குப் போனால் உள்மாநிலம். சில கிலோமீட்டர் முன்னதாகப் பாகூரில் இறங்கினால் வெளிமாநிலம். ஒரு ரிப்போர்ட்டில் மாநிலப் பெயர் முழுதாக இருக்கும், இன்னொன்றில் இரண்டெழுத்துச் சுருக்கம், மூன்றாவதில் எழுத்துப்பிழையோடு. மென்பொருள் தன்னிடமுள்ள பெயரோடு அது எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தால்தான் ஏற்கும். பொருள் பெயரும் அப்படியே. தளத்தில் எஸ்கேயூ என்று ஒரு குறியீடு, டேலியில் ஸ்டாக் ஐட்டம் என்று வேறொரு பெயர். இரண்டையும் இணைக்கும் ஒரு பட்டியலை முதலில் உட்கார்ந்து தயாரிக்க வேண்டும். இந்தப் பட்டியல்தான் உண்மையான முதலீடு. மென்பொருளுக்குக் கொடுக்கும் விலையைவிட இதற்குச் செலவிடும் நேரம் பெறுமதியானது.

துணி வியாபாரிக்குக் கூடுதலாக ஒரு சிக்கல். ஆயத்த ஆடைக்கு வரி விகிதம் ஒரு உருப்படியின் விற்பனை மதிப்பைப் பொறுத்தது. 2025 செப்டம்பர் 21 வரை ஆயிரம் ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 12. மறுநாள் 22 முதல் 2,500 ரூபாய் வரை 5, அதற்கு மேல் 18. ஒரே குர்த்தி பண்டிகைத் தள்ளுபடியில் ஒரு விகிதத்திலும் மற்ற நாளில் வேறு விகிதத்திலும் போகக்கூடும். ஒரு பொருளுக்கு ஒரே விகிதம் என்று மென்பொருளில் பூட்டி வைத்தவர் கணக்கு 2025 செப்டம்பர் என்ற ஒரே மாதத்துக்குள்ளேயே இரண்டாகப் பிளந்திருக்கும். டேலிபிரைமில் விலை அடுக்குக்கு ஏற்ப விகிதம் வைக்கும் வசதி இருக்கிறது. அதைத் திறந்து அமைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரே ஃபைலை இரண்டு முறை ஏற்றிவிடுவது எல்லோருக்கும் நேரும் விபத்து. பவர் கட் ஆகும், பாதியில் நின்றதோ என்ற சந்தேகம் வரும், மறுபடி ஏற்றுவார்கள், விற்பனை இரட்டிப்பாகும். ஏற்றுவதற்கு முன் பேக்கப் எடுப்பதும், ஏற்றியபின் ஃபைலின் மொத்தத்தையும் டேலியின் மொத்தத்தையும் ஒப்பிடுவதும்தான் இதற்கு மருந்து.

திரும்பி வந்த சரக்கு

விற்றதை எழுதுவது எளிது. திரும்பி வந்ததை எழுதுவதில்தான் கணக்கெழுதுபவரின் திறமை தெரியும். இந்த வியாபாரத்தில் இரண்டு வகைத் திரும்பல் உண்டு. வாடிக்கையாளர் வீட்டுக் கதவு பூட்டியிருந்தது, கேஷ் ஆன் டெலிவரிக்குப் பணம் இல்லை என்றார் என்று கூரியரே திருப்பிக் கொண்டுவருவது ஆர்டிஓ. வாங்கிப் பார்த்து, அளவு சரியில்லை என்று அனுப்புவது கஸ்டமர் ரிட்டர்ன். முதல் வகையில் பணமே கைமாறவில்லை என்பதால் பலர் அந்த ஆர்டரை அழித்துவிடுகிறார்கள். இன்வாய்ஸ் போட்டுச் சரக்கு கிளம்பிவிட்ட பிறகு அழிக்கக் கூடாது. வரிசை எண்ணில் ஓட்டை விழும். ஜிஎஸ்டிஆர்-1-இன் 13-ஆவது அட்டவணையில் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை பில் போட்டோம், எத்தனை ரத்து என்று சொல்லும்போது அது வெளியே தெரியும். ஜிஎஸ்டி சட்டத்தின் 34-ஆவது பிரிவின்படி கிரெடிட் நோட் போட்டு வரியைக் குறைத்துக்கொள்வதே வழி.

மார்ச் 28-இல் விற்றது ஏப்ரல் 6-இல் திரும்பினால், விற்பனை ஒரு நிதியாண்டில், கிரெடிட் நோட் அடுத்ததில். மார்ச் 31 அன்று அந்த குர்த்தி நம் ரேக்கில் இல்லை, வாங்கியவர் வீட்டிலும் நிலைக்கப்போவதில்லை. தளமோ ஏப்ரல் செட்டில்மென்ட்டில் வேறு ஆர்டர்களின் பணத்திலிருந்து இதைக் கழித்துக்கொள்ளும். வங்கித் தொகையை மட்டும் பார்ப்பவருக்கு இது புலப்படவே வழியில்லை. திரும்பி வந்த துணி கிழிந்தோ கறைபட்டோ இருந்து இனி விற்க முடியாது என்று தள்ளுபடி செய்தால், அதை வாங்கியபோது எடுத்த உள்ளீட்டு வரியையும் 17(5) பிரிவின்படி திருப்ப வேண்டும். தளம் இழப்பீடாக ஏதும் கொடுத்தால் அது வாடிக்கையாளருக்குச் செய்த விற்பனை ஆகாது. தனியாக எழுத வேண்டும்.

எத்தனை பார்சல் திரும்பி வந்தது என்று நோட்டில் கை எழுத்தாகக் குறித்து வைக்கும் பழக்கம் உள்ளவர்களை நான் மதிக்கிறேன். தளம் ‘ரிட்டர்ன் கொடுத்தாகிவிட்டது’ என்று காட்டும் எல்லாச் சரக்கும் வந்து சேர்வதில்லை. அந்த நோட்டும் கிரெடிட் நோட் பட்டியலும் மாதத்துக்கு ஒரு முறை சந்திக்க வேண்டும்.

ஆர்டர் வாரியா, தொகுப்பாகவா

ஒவ்வொரு ஆர்டரையும் தனி வவுச்சராக ஏற்றுவதா, நாளுக்கு ஒன்றாகத் தொகுத்து ஏற்றுவதா என்பதில் ஆடிட்டர்களிடையே இரண்டு கருத்து உண்டு. பொது மக்களுக்குச் செய்யும் சிறு தொகை விற்பனையை ஜிஎஸ்டிஆர்-1-இன் 7-ஆவது அட்டவணை மாநிலவாரியாக, விகிதவாரியாகத் தொகுத்துத்தான் கேட்கிறது. ஜிஎஸ்டி எண் உள்ள வாங்குபவருக்குப் போட்ட பில்லை அதே படிவம் தனித்தனியாகக் கேட்கிறது. சட்டத்தின் கண்ணில் தொகுப்பு தவறில்லை. சரக்கு இருப்பையும் டேலியிலேயே பார்க்கிறவருக்கும், மாதம் சில நூறு ஆர்டர் செய்பவருக்கும் ஆர்டர் வாரியாக ஏற்றுவதே நல்லது. கிரெடிட் நோட் எந்த பில்லுக்கு என்று கேள்வி வராது. மாதம் பல ஆயிரம் ஆர்டர் போகிறவர் அப்படிச் செய்தால் கம்பெனி ஃபைல் பெருத்து, ஒரு ரிப்போர்ட் திறக்கவே காத்திருக்க வேண்டியிருக்கும். அவர் தளம், நாள், மாநிலம், விகிதம் என்று தொகுத்து ஏற்றி, மூல ஃபைலை மாதவாரியாகப் பத்திரப்படுத்தலாம். ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்கு ஏடுகளை வைத்திருக்க வேண்டும் என்று ஜிஎஸ்டி சட்டத்தின் 36-ஆவது பிரிவு சொல்கிறது. தளத்தில்தான் இருக்கிறதே என்று விடக் கூடாது. தளம் கணக்கை முடக்கிவிட்டால் உள்ளே போகவே முடியாது.

மென்பொருள் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1986-இல் பெங்களூரில் கோயங்கா குடும்பத்தார் தொடங்கிய நிறுவனத்தின் டேலி, தமிழ்நாட்டில் கணக்கு மென்பொருள் என்பதற்கே மறுபெயர். பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப்பதிவியல் பாடநூலில் அதற்குத் தனி அத்தியாயமே இருக்கிறது. நெடுங்காலம் அதில் வெளித்தகவலை ஏற்ற எக்ஸ்எம்எல் ஃபைல் தயாரிக்க வேண்டியிருந்தது. அதற்கென்று தனியார் விற்கும் கருவிகளை வாங்கினார்கள். 2023 இறுதியில் வந்த டேலிபிரைம் 4.0 எக்செலிலிருந்து நேரடியாக ஏற்ற வழி செய்தது. 1996-இல் அட்வென்ட்நெட் என்று தொடங்கிய நிறுவனம் 2009-இல் ஜோஹோ ஆகி, 2011-இல் ஜோஹோ புக்ஸைக் கொண்டுவந்தது. அதில் இணையத்திலேயே ஃபைலை ஏற்றி, எந்தத் தலைப்பு எந்தக் கட்டத்துக்கு என்று பொருத்தலாம். சில தளங்களை நேரடியாகவும் இணைக்கலாம். இன்டியூட் நிறுவனம் குயிக்புக்ஸ் சேவையை இந்தியாவில் 2023-இல் நிறுத்திக்கொண்டது. கணக்கை முழுதாக வெளியே எடுக்க வழி இருக்கிறதா என்று பார்க்காமல் எந்த மென்பொருளிலும் நுழையக் கூடாது என்பதற்கு அந்த நிகழ்வே சான்று.

நேரடி இணைப்பு இருந்தால் எல்லாம் தானே நடக்கும் என்று விற்பவர் சொல்வார். இணைப்பு ஆர்டரைக் கொண்டுவரும். தளத்தின் லெட்ஜர் ஏன் பூஜ்யமாகவில்லை என்பதை மனிதர்தான் தேட வேண்டும். அந்த மனிதர், பெரும்பாலும், வாரத்தில் இரண்டு நாள் வந்து போகும் பகுதிநேரக் கணக்காளர். அவரிடம் ஐந்து தளத்தின் ஐந்து வடிவ ஷீட்டுகளை மாதக் கடைசியில் கொடுத்து, 11-ஆம் தேதிக்குள் முடி என்கிறோம்.

இந்தச் சுமையின் வேர் வடிவங்கள் ஒன்றுபோல இல்லாததில் இருக்கிறது. ஐந்து கோடிக்கு மேல் விற்பனை உள்ளவர்களுக்கு 2023 ஆகஸ்ட் முதல் கட்டாயமாகியிருக்கும் மின்னணு இன்வாய்ஸுக்கு நாடு முழுவதும் ஒரே வடிவம் வகுத்திருக்கிறார்கள். எந்த மென்பொருளில் போட்டாலும் எல்லா இடத்திலும் படிக்க முடிகிறது. ஓஎன்டிசி என்ற திறந்த வலையமைப்பு 2022 ஏப்ரலில் கோயம்புத்தூர் உள்ளிட்ட ஐந்து நகரங்களில் சோதனையாகத் தொடங்கியபோது, ஆர்டர் பேசும் மொழியே எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்ற எண்ணத்தில்தான் தொடங்கியது. அப்படியிருக்க, செட்டில்மென்ட் ஷீட்டுக்கு மட்டும் பொது வடிவம் வகுக்க முடியாது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆர்டர் எண், இன்வாய்ஸ் எண், தேதி, சேரும் மாநிலத்தின் குறியீடு, வரிக்குரிய மதிப்பு, வரி, கட்டணம், கட்டணத்தின் மீதான வரி, டிசிஎஸ், டிடிஎஸ், வங்கிக்குப் போனது: பதினொரு கட்டம். தளங்கள் எல்லாம் இதே பதினொரு கட்டத்தை இதே வரிசையில் தர வேண்டும் என்று ஒரு அறிவிக்கை போதும். ஜிஎஸ்டிஆர்-8-ஐத் தாக்கல் செய்ய இந்த விவரங்களில் பெரும்பகுதியைத் தளங்கள் ஏற்கனவே திரட்டித்தான் ஆக வேண்டும். அரசுக்குக் கூட்டுத்தொகையாகக் கொடுப்பதை விற்பனையாளருக்கு ஆர்டர் வாரியாகக் கொடுப்பதில் என்ன தடை? அம்பத்தூர் தொழிற்பேட்டை உற்பத்தியாளர் சங்கம் போன்ற அமைப்புகள் இந்தக் கோரிக்கையை ஜிஎஸ்டி கவுன்சில் வரை கொண்டுபோக வேண்டும். ஷட்டர் அறைக்குள் தனியாக உட்கார்ந்திருப்பவரின் குரல் தளத்தின் காதில் விழாது.

அதுவரை, ஆன்லைனில் விற்கும் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறேன். இந்த மாதம் 10-ஆம் தேதி கழிந்ததும் ஜிஎஸ்டி தளத்தைத் திறந்து, டிசிஎஸ் வரவுப் பக்கத்தில் ஒவ்வொரு தளமும் உங்கள் பெயரில் காட்டியிருக்கும் விற்பனையைப் பாருங்கள். பக்கத்திலேயே உங்கள் டேலியில் அந்த மாத விற்பனையை வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் பதற வேண்டாம், ஆடிட்டரிடம் இரண்டு எண்ணையும் எழுதிக் கொடுங்கள். ஒரு நிதியாண்டின் விற்பனை விவரத்தைத் திருத்தவும், விட்டுப்போன உள்ளீட்டு வரியை எடுக்கவும் அந்த ஆண்டு முடிந்து வரும் நவம்பர் 30 வரை, அல்லது ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்யும் நாள் வரை, இவற்றில் எது முந்தியோ அதுவரை இடம் இருக்கிறது.